கடைக்குறை

ரிபேய்ரா ஆறு கரை தாண்டிய வாரம்.
வாழைத்தோப்புக்குள் முழங்கால் தண்ணீர்.
மேடு தேடி வந்த ஜராராகா
ஒடாயிரின் கணுக்காலைக் கடித்தது.

லிந்தாவுரா வண்டி ஓட்டினாள்.
பின்னிருக்கையில் தம்பி.
ஒவ்வொரு பாலம் தாண்டும்போதும்
கால் ஒரு சுற்றுப் பெருத்தது.
"ரப்பர் பூட்ஸ் எங்கடா?"
"காயப் போட்டிருக்கேன்."
அதற்குமேல் பதிமூன்று கிலோமீட்டர்
இருவரும் பேசவில்லை.

நஞ்சுக்கு வேலைகள் பல. அதில் ஒன்று இது:
நம் ரத்தத்திலேயே ஒரு நெடும்புரதத்துக்குள்
வாய்மூடிக் கிடக்கும் ஒன்பதெழுத்துச் சொல்லை
உடைத்து வெளியே எடுத்துவிடும்.
பிராடிகைனின்.
முதலெழுத்து ஆர்ஜினின்,
ஈற்றெழுத்தும் ஆர்ஜினின்,
தொடங்கிய இடத்துக்கே வந்து முடியும்
குட்டி அந்தாதி.
அதன் குரல் கேட்டதும்
மெல்லிய ரத்தக்குழாய்களெல்லாம்
மடை திறந்துவிடுகின்றன.
நீர் வெளியே. தசைக்குள் வெள்ளம்.
தோப்பில் நடந்ததேதான் காலிலும்.

மடையை மூட ஆள் உண்டு.
ஈரல் செய்து ரத்தத்தில் அனுப்பிய நொதி,
கார்பாக்சிபெப்டிடேஸ் என்.
பெயர்தான் நீளம். செய்கை ஒரு நகவெட்டி அளவு.
வால்முனையில் நிற்பது
ஆர்ஜினினா, லைசினா என்று பார்க்கும்.
காரக் குணமுள்ள இந்த இரண்டில் ஒன்றென்றால்
நறுக்.
வேறெதுவானாலும் தொடாமல் போய்விடும்.

ஒன்பது, எட்டு.

இலக்கணம் இதைக் கடைக்குறை என்னும்.
நீலம் கடை குறைந்து நீல என நின்றாலும்
நிறம் வெளுப்பதில்லை.
இங்கே வெளுக்கும்.
ஈறு கெட்ட சொல்லுக்குப் பழைய கதவு திறவாது.
(புண்பட்ட இடத்தில் புதிதாய் முளைக்கும்
வேறொரு கதவு உண்டு,
அது எட்டெழுத்துக்கும் திறக்கும்.
உடம்பு எந்த விதியையும்
விலக்கில்லாமல் எழுதியதில்லை.)

ரெஜிஸ்த்ரோ மருத்துவமனை. இரவு இரண்டரை.
மாற்று மருந்து சொட்டுச் சொட்டாய் இறங்கிற்று.
இரத்தம் எடுக்க வந்த தெருமி
பேனாவால் வீக்கத்தின் எல்லையைக் கோடிட்டாள்.
மணிக்கொரு கோடு.
நாலாவது கோட்டை வீக்கம் தாண்டவில்லை.

லிந்தாவுரா அந்தக் கோடுகளையே பார்த்திருந்தவள்
யாரிடமோ போலச் சொன்னாள்:
"எனக்கு இது மாசாமாசம் வரும்.
உதட்டில். சிலசமயம் நாக்கில்.
பாம்பு இல்லாமலே."

தெருமி பேனாவை மூடினாள்.
திறந்தாள்.
"எத்தனை வருஷமா?"
"பதினோரு வருஷம்.
மீன் வேண்டாம்னாங்க. விட்டேன்.
நாய் வேண்டாம்னாங்க. குடுத்துட்டேன்.
மனசுல ஏதோ கவலைன்னு ஒருத்தர் சொன்னார்.
அது யாருக்கு இல்லை?"

தம்பியின் குழாய்களுக்குப் பக்கத்தில்
அக்காளின் குழாய் ஒன்றும்
பனிக்கட்டிப் பெட்டியில் சாவ் பாவ்லோ போயிற்று.
ஏழு வாரம் கழித்து ஒரு தாள்:
நொதி, இருக்கவேண்டியதில் ஐந்திலொரு பங்கு.

ஐந்து நகவெட்டி இருக்கவேண்டிய வீட்டில் ஒன்று.
இத்தனை காலமும்
அந்த ஒன்றுதான் ஓடி ஓடி
அத்தனை சொல்லுக்கும் ஈறு கிள்ளியிருக்கிறது.
குறையை நிரப்ப மருந்து இல்லை என்றார்கள்.
எதெல்லாம் தின்னக்கூடாது என்று
இன்னொரு தாள் தந்தார்கள்; சின்னத் தாள்.
மீன் அதில் இல்லை.
நாயும் இல்லை.

வெள்ளம் வடிந்த தோப்பு. சேற்றில் ஒடாயிர்,
இப்போது பூட்ஸோடு, கொஞ்சம் நொண்டி.
நீண்ட கழியின் முனையில் கொக்கிக் கத்தி கட்டி
லிந்தாவுரா வரிசை வரிசையாய்ப் போகிறாள்.
தாரின் நுனியில் தொங்கும் செம்பூவை
அங்கே இதயம் என்பார்கள்.
அதை ஒடித்தால்தான் காய் திரளும்.

ஒரு தாருக்கு ஒரு வெட்டு.
மேலே கை வைப்பதில்லை.
விழுந்த இதயம் ஒன்றை எடுத்துத்
தம்பிமேல் எறிகிறாள்.
"எட்டு" என்கிறாள்.
அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.